யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: எக்ஸ்பிரஸ் பாஸ் தேவையா?

115 செ.மீ. உயர மகனோடு ஜூன் விடுமுறையில் போகிறோம், நாலு பேருக்கும் வரிசையில் காத்திராமல் போக எக்ஸ்பிரஸ் பாஸ் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும், பையனை வாசலிலேயே அளந்து பார்த்துத் திருப்பிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 போதும். கதவு திறந்ததும் நேரே அங்கே ஓடுங்கள், நேரமாக ஆக வரிசை அனுமார் வால்தான். மம்மிக்கு ஒருவர் பையனோடு நிற்க, மற்றவர் தனிநபர் வரிசையில் போய் வரலாம், சீக்கிரம் நகரும்.

ஜுராசிக் படகில் உள்ளாடை வரை நனையும். மாற்றுத்துணி கட்டாயம்! என் வீட்டுக்காரர் மினியன் லேண்ட் முழுக்க ஈர ஜீன்ஸோடுதான் சுற்றினார், செருப்பு சளக் சளக்கென்று.

பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் ரயிலுக்கு ஆளுக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி. விவோசிட்டி மால் பக்கத்து நடைபாதையில் நடந்தால் காசே இல்லை.