பழைய ஷெவர்லேயின் பாடி எண்: கேள்வி பதில்

கேள்வி: 1957 ஷெவர்லே பெல் ஏர் ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன் அண்ணா. கதவுத் தூணில் ஒரு எண், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) தகட்டில் பாடி எண் என்று இன்னொன்று. இரண்டும் ஒத்துவரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை தம்பி, ஒத்துவராமல் இருப்பதுதான் சரி. கதவுத் தூணில் உள்ளது ஷெவர்லே கொடுத்த வண்டி எண். ஃபயர்வாலில் உள்ளது பாடியைக் கட்டிய ஃபிஷர் பாடி நிறுவனத்தின் கணக்கு. 1926-இல் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அதை முழுதாக வாங்கிவிட்டது. ஆனாலும் பாடிக்குத் தனி எண் போடும் வழக்கம் தொடர்ந்தது.

வண்டி எண் 'விசி57எஃப்' என்று தொடங்கினால்: வி என்பது வி8 இன்ஜின், சி என்பது பெல் ஏர், 57 ஆண்டு, எஃப் என்பது ஃப்ளின்ட் ஆலை. சி-க்குப் பதில் பி இருந்தால் டூ-டென், ஏ இருந்தால் ஒன்-ஃபிஃப்டி; இவையும் ஷெவர்லே மாடல்கள்தான். வரிசை எண்களை ஒப்பிடாதீர்கள். ஆண்டு, வகை, ஆலை மூன்றும் இரண்டு தகட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: என் தகட்டில் 57-1037டி என்று இருக்கிறதே?

பதில்: இருகதவு ஹார்ட்டாப் (ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத வகை) பெல் ஏர். 1067டி என்றால் கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கக்கூடியது.

கேள்வி: 1969 ஷெவர்லே கமாரோ ஒன்று பார்த்தேன். எண் 124379என் என்று தொடங்குகிறது. 'இது அசல் இஸட்/28, எண்ணே சாட்சி' என்கிறார் விற்பவர்.

பதில்: இஸட்/28 என்பது கமாரோவின் அதிவேக வகை. அந்த எண் அதைச் சொல்லவே சொல்லாது. 1 ஷெவர்லே, 24 வி8 கமாரோ, 37 கூபே, 9 ஆண்டு, என் ஓஹையோவின் நோர்வுட் ஆலை. சாதாரண 307 கன அங்குல இன்ஜின் வண்டிக்கும் இதே தொடக்கம்தான். இதை நம்பிப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஃபயர்வால் தகட்டைப் பாருங்கள். 1968 டிசம்பர் நடுவிலிருந்து நோர்வுட் ஆலை, வண்டியின் வகையைக் காட்ட எக்ஸ் என்று தொடங்கும் குறியீடு அடித்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இஸட்/28-க்கு உரியவை. அதற்கு முன் அங்கே கட்டிய வண்டியிலும், லாஸ் ஏஞ்சலஸ் ஆலையில் கட்டிய வண்டியிலும் அது இராது. இல்லாததாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. இருப்பதாலேயே அசல் என்றும் சொல்ல முடியாது. தகடே புதிதாக அடித்து விற்கப்படுகிறது. ஆகவே இன்ஜினுக்கு வாருங்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் தட்டையான இடத்தில் டிஇஸட் என்ற எழுத்துகள் பொறித்திருக்க வேண்டும்; வண்டி எண்ணின் கடைசிப் பகுதி அங்கேயோ ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ இருக்க வேண்டும். பொறித்த இடம் புதிதாகத் தேய்த்ததுபோல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அந்தக் கமாரோவின் ஃபயர்வால் தகட்டில் 04சி என்பது?

பதில்: கட்டிய காலம். 04 ஏப்ரல், சி மூன்றாம் வாரம்.

கேள்வி: ஃபோர்டு கேட்கலாமா ஐயா? என் மஸ்டாங் 1964½ என்கிறார்கள், எண்ணோ 5 என்று தொடங்குகிறது.

பதில்: 1964½ என்பது பேச்சுவழக்கு. 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் வண்டிகளும் 5 என்றே, அதாவது 1965 என்றே எண் பெற்றன. கதவுத் தகட்டின் தேதியைப் பாருங்கள்: 26சி என்றால் மார்ச் 26 (ஃபோர்டில் சி என்பது மார்ச் மாதம்). ஐந்தாம் இடத்து இன்ஜின் எழுத்து யு அல்லது எஃப் என்றால் ஆரம்பகால வண்டி.

கேள்வி: பெயின்ட் அடிக்க ஃபயர்வால் தகட்டைக் கழற்றலாமா?

பதில்: வேண்டாம். ஆலையில் அடித்த ரிவிட் ஒருமுறை போனால் போனதுதான். பிறகு தகடு அசலே ஆனாலும் யாரும் நம்பமாட்டார்கள். டேப் ஒட்டி மூடிவிட்டு அடியுங்கள். அதற்கு முன் ரிவிட்டோடு சேர்த்து நெருக்கமாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.