இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன்: சிறு பிள்ளைகளின் மாலை நேர ஓவிய வகுப்பு குறித்து வாசகர் கேட்டவை

பள்ளி விட்ட பின் சிறு பிள்ளைகளுக்கு நடத்தப்படும் ஓவிய, கைவினை வகுப்புகள் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, பாளையங்கோட்டை): என் மகளுக்கு 6 வயது. சில மாதங்களாக மாலை நேர ஓவிய வகுப்புக்குப் போகிறாள். ஆசிரியை பலகையில் வரைவதைப் பார்த்து அப்படியே வரைகிறாள். படங்கள் சுத்தமாக இருக்கின்றன, உறவினர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் வீட்டில் தானாக எதையும் வரைவதில்லை. கேட்டால், "மிஸ் இன்னும் அதைச் சொல்லித் தரலைம்மா" என்கிறாள். இந்த வகுப்பைத் தொடரலாமா?

பதில்: 6 வயதுப் பிள்ளை வரைவதற்கு முன் ஆசிரியையின் அனுமதிக்குக் காத்திருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. அந்த வயதில் வரையச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பொருளும் நேரமும் கொடுத்து, வரைந்ததைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும். நல்ல வகுப்பு அதைத்தான் செய்யும்.

ஒரு நாள் வகுப்பு முடியும் நேரத்தில் போய், சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். 20 பிள்ளைகளின் படங்களும் ஒன்றுபோலவே இருந்தால், அங்கே உண்மையில் வரைந்தவர் ஆசிரியை ஒருவர்தான். இரண்டு மலை, நடுவே எழும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று தமிழ்நாடெங்கும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப்படும் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மலை மேற்கே இருக்கிறது. சூரியன் திருச்செந்தூர்க் கடல் பக்கம் உதித்து, பொதிகைக்குப் பின்னால் மறைவதைத்தான் நம் பிள்ளைகள் அன்றாடம் காண்கிறார்கள். மொட்டை மாடியில் நின்று தன் கண்ணால் பார்த்த பிள்ளை, மலைக்குள் இறங்குகிற சூரியனை வரையும். மலைப்பக்கம் மழை பிடித்த நாளில் மலையையே விட்டுவிட்டுத் தாள் முழுக்கக் கறுப்பை அப்பி வைக்கும். பலகையைப் பார்த்து வரைகிற பிள்ளைக்கு அது எந்த ஊர் மலையாக இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, "தேர் பார்த்தீர்களே, வரையுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒரு பிள்ளை தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வடத்தை மட்டும் வரையும். இன்னொன்று தேரைச் சிறியதாகவும், தன்னைத் தோளில் தூக்கி வைத்திருந்த அப்பாவைப் பெரியதாகவும் வரையும். வேறொரு பிள்ளைக்குத் தேரே நினைவில் இராது. பலூன்காரரும் அவர் கையிலிருந்த கம்பும்தான் தாளில் இருக்கும். இவற்றில் எதுவும் தவறான படம் இல்லை. தனக்கு எது பெரிதாகப்பட்டதோ அதைப் பெரிதாக வரைவது இந்த வயதின் இயல்பு. அளவு பார்த்து வரைவதெல்லாம் பின்னால் வருவது.

இது புதிய கருத்தும் அன்று. 1897-இல் வியன்னா நகரில் பிரான்ஸ் சீஷெக் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்கென்று ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கி, மாதிரிப் படங்களைப் பார்த்து வரையச் சொல்லாமல், அவரவர் மனத்தில் தோன்றுவதை வரைய விட்டார். அப்படியிருந்தும் பலகையையும் மாதிரியையும் விட்டு வெளியே வராத வகுப்புகள் இன்னும் பல இருக்கின்றன.

பார்த்து வரைவது முற்றிலும் தீது என்று நான் சொல்ல மாட்டேன். ஆச்சி போடுகிற புள்ளிக் கோலத்தைப் பார்த்துத்தான் பேத்தி கோலம் கற்கிறாள். ஆனால் நாலைந்து கோலம் கைவந்ததும் அவளே புள்ளியைக் கூட்டுவாள், இழையைத் திருப்புவாள், புதிதாக ஒன்று போட்டுக் காட்டுவாள். அந்தத் திருப்பத்துக்கு இடம் இல்லாத இடத்தில் மட்டுமே பார்த்து வரைவது கேடாகிறது.

ஆகவே ஆசிரியையிடம் பணிவாகப் பேசுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பலகையில் எதையும் வரையாமல், ஒரு நிகழ்ச்சியையோ கதையையோ மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வரையவிட முடியுமா என்று கேளுங்கள். பெற்றோர் சுத்தமான படத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காகவே பல ஆசிரியர்கள் பிள்ளையின் தாளில் தாங்களே திருத்திக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அவருக்கும் ஆறுதலாகவே இருக்கும். அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால் வகுப்பை நிறுத்திவிடுங்கள். வீட்டில், "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் "நீயே வரைந்து கொடும்மா" என்றால், "நீ நினைக்கிறபடி போடு, பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்திருங்கள்.

கேள்வி (ஒரு தாத்தா, வீரவநல்லூர்): மூன்றரை வயதுப் பேரன் சுவரெல்லாம் கிறுக்கி வைக்கிறான். வகுப்பில் சேர்த்தால் ஒழுங்காக வரைவானா?

பதில்: ஐயா, இப்போது வகுப்பு வேண்டாம். அவன் செய்வது செய்ய வேண்டிய வேலைதான். முதலில் தோள் அசைந்து கோடு இழுக்கும், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு. விரல்கள் கடைசியாகத்தான் பழகும். ஏறத்தாழ 4 வயதில் கிறுக்கலுக்குள்ளிருந்து ஒரு வட்டம் பிறக்கும். அந்த வட்டத்திலிருந்தே கால்கள் முளைத்து அது மனிதனாகும். உடம்பு எங்கே என்று அப்போது கேட்காதீர்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் அவன் உயரத்துக்குப் பழைய செய்தித்தாளையோ காலண்டர் தாளின் பின்புறத்தையோ ஒட்டி, "இது உன் இடம்" என்று சொல்லிவிடுங்கள். கிரையானை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுத்தால், உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காமல் விரல் நுனியால் பிடிக்கப் பழகுவான். சிலேட்டும் நல்லதுதான், பல்பத்தைத் தின்னுகிற பிள்ளையா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, சேரன்மகாதேவி): எங்கள் தெருவில் 5 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்தால் டியூஷன், இல்லையென்றால் செல்பேசி. எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரம் இரண்டு நாள் ஒரு கலை வகுப்பு தொடங்க விரும்புகிறேன். நான் ஓவியம் படித்தவள் இல்லை. அதிகம் செலவிடவும் முடியாது. எதை வாங்க வேண்டும்?

பதில்: மிக்க மகிழ்ச்சி, அம்மா. ஓவியம் படிக்காதது குறையே இல்லை. பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்காத பொறுமைதான் வேண்டும். நீங்கள் வாழும் ஊரும் இதற்கு வாய்த்த ஊர். ஒரு பக்கம் பத்தமடை, மறு பக்கம் காருகுறிச்சி. இந்த வேலைக்கு வேண்டிய சிறந்த பொருள்கள் உங்களைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் களிமண்ணை வாங்குங்கள். காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கேட்டு, மிதித்துப் பக்குவப்படுத்திய மண்ணாகவே வாங்கிவிடுங்கள். குளத்து மண்ணை நேரே எடுத்தால் கல்லும் வேரும் கிடக்கும். ஈரச் சாக்கில் சுற்றி மூடி வைத்தால் பல நாள் கெடாமல் இருக்கும். ஆளுக்கு ஒரு கைப்பிடி உருண்டை போதும். முதல் நாள் எதையும் செய்யச் சொல்லாதீர்கள். அமுக்கட்டும், உருட்டட்டும், கிள்ளட்டும். அடுத்த வாரம் அம்மி, உரல், அடுப்பு, சட்டி எல்லாம் தாமாக வந்துவிடும், ஏனென்றால் சொப்புச் சாமான் வைத்து விளையாடிய பிள்ளைகள் அவர்கள். கை, கால் முதலியவற்றை ஒட்டும் இடத்தில் நகத்தால் கீறி, நீரில் குழைத்த மண்ணைத் தடவி ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். வெயிலில் வைக்காமல் நிழலில் காய வையுங்கள், வெடிப்பு குறையும். சூளையில் சுட வேண்டியதில்லை. திண்ணையில் சிந்திக் காய்ந்த மண்ணைப் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வண்ணங்களையும் பிள்ளைகளுடன் சேர்ந்தே செய்யலாம். சங்குப்பூவைச் சுடுநீரில் நீங்கள் ஊறவைத்துக் கொடுங்கள், நீலம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டால் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும். மஞ்சள் கரைசலில் சவர்க்கார நீரைச் சேர்த்தால் சிவக்கும்; ஆரத்தி நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்பைச் சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். கண்ணில் பட்டால் ஆபத்து. இந்தப் பூச்சாயங்கள் நாளடைவில் வெளுத்துவிடும் என்பதையும் அவர்களிடமே சொல்லிவிடுங்கள். வெளுக்காத நிறம் வேண்டுமானால் செம்மண் இருக்கிறது. அதன் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு. நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் விட்டால், அடியில் சந்தனம்போல் நைசான வண்டல் படியும். அதைக் கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்தால் நல்ல வண்ணம் தயார். திசையன்விளைப் பக்கம் உறவினர் இருந்தால் கொஞ்சம் தேரிமண்ணும், கோவில்பட்டிப் பக்கம் இருந்தால் கொஞ்சம் கரிசலும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் அருகருகே குழைத்து வைத்தால், சொந்தச் சீமையின் மண்ணில் இத்தனை நிறமா என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

பத்தமடைக்கு ஒரு நாள் அழைத்துப் போய்ப் பாய் முடைவதைக் காட்டுங்கள். திரும்பி வந்ததும் வண்ணத்தாள் கீற்றுகளை மேலும் கீழுமாகக் கோத்துச் சிறு பாய் பின்னலாம். 5 வயதுப் பிள்ளைக்கு விரல் அகலக் கீற்றுதான் சரி. கை பழகியவர்களுக்குக் குருத்தோலை கொடுக்கலாம். முற்றிய பனையோலையின் ஓரம் கையைக் கிழித்துவிடும். ஓலைக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யத் தெரிந்த முதியவர் உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார். அவரை ஒரு நாள் ஆசிரியராக உட்காரவையுங்கள்; அதைவிட நல்ல வகுப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடையில் வாங்க வேண்டியவை குறைவு: கிரையான், தடித்த பிரஷ், பசை, பெரிய தாள். சிறிய தாள் கொடுத்தால் சிறு பிள்ளைகளின் கை சுருங்கிவிடும். பொட்டலத்தில் நச்சற்றது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கதவு, சன்னலுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டும் தின்னரும் இந்தத் திண்ணைக்கே வரக்கூடாது. கை அச்சு எடுக்கிறோம் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவுக்குள் பிள்ளையின் கையை வைக்கவே கூடாது. அது இறுகும்போது வெளிவரும் சூடு தீக்காயம் உண்டாக்கக்கூடியது.

நேரம் முக்கால் மணி போதும். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குப் பசியும் களைப்பும் இருக்கும். சுண்டலோ பழமோ தின்று, கால் மணி ஓடி விளையாடிய பிறகு தொடங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் வந்தால் இன்னொரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி டவுன்): எந்நேரமும் வரைந்துகொண்டிருந்த மகன், 9 வயது ஆனதும், "எனக்கு வரையத் தெரியாது" என்று நிறுத்திவிட்டான். என்ன செய்வது?

பதில்: ஏறத்தாழ இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இது நேர்கிறது. கண் முந்திவிட்டது, கை பின்தங்கியிருக்கிறது. தான் வரைந்த குதிரை குதிரையைப்போல் இல்லை என்பது இப்போது அவனுக்கே தெரிகிறது. "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால் அவன் நம்ப மாட்டான். 6 வயதில் வேண்டாம் என்று நான் சொன்ன பயிற்சி, இப்போது வேண்டும். அவனைக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். திருச்செந்தூர் சாலையில் அருகிலேயே இருக்கிறது. குறவன் அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் சிற்பத்தின் முன் உட்காரவைத்து, முழுச் சிலையையும் வரையச் சொல்லாமல், ஒரு கையை மட்டும் வரையச் சொல்லுங்கள். கல்லில் நகம் தெரிகிற அந்தக் கையை அரை மணி நேரம் பார்த்தால், தன் கையையும் அவன் பார்க்கத் தொடங்குவான். வீட்டிலும் அப்படியே ஒரு செருப்பு, ஒரு செம்பு, ஒரு முருங்கைக்காய் என்று ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்து வரையட்டும். சில வாரங்களுக்கு அழிரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். தவறிய கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும்.

கேள்வி (வாசகி, வள்ளியூர்): 7 வயது மகளை ஓவியப் போட்டிகளுக்கு அனுப்பலாமா? கிரேடு தேர்வு எழுத வைத்தால் சான்றிதழ் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: போட்டிக்கு அவளே போக விரும்பினால் அனுப்புங்கள், பரிசுக்காக ஒரே படத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியமும் உண்டு. பின்னாளில் ஓவிய ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு உதவும் தேர்வு அது. 7 வயதில் அதைப் பற்றி நினைக்கத் தேவையில்லை. தனியார் தரும் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன், அதை எங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். குறைந்த செலவில் நல்ல இடம் வேண்டுமென்றால், தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓவியத்துடன் இசையும் நடனமும் கற்றுத் தருகிறார்கள். சேர்ப்பதற்கு முன் அங்கேயும் சுவரில் இருக்கும் படங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.