மலத்தில் அளந்த புரதக் கணக்கு ஏன் தப்புகிறது?

கேள்வி: பாசிப்பயறை முளைகட்டி, வறுத்து அரைத்த மாவைப் பத்துப் பேருக்குக் கொடுத்து, புரதம் எவ்வளவு செரித்தது என்று அறிய மலத்தில் நைட்ரஜன் அளந்தேன். 86% செரிக்கிறது என்று வருகிறது. புரதத்திலுள்ள அமினோ அமிலங்களில் ஒன்றான லைசினுக்கும் இதையே போடலாமா?

பதில்: போடாதீர்கள். அமினோ அமிலங்கள் உடம்பில் சேருவது சிறுகுடலில். அங்கே தப்பியதைப் பெருங்குடல் பாக்டீரியா சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும். அது ரத்தத்தில் ஏறி, பெரும்பாலும் யூரியாவாகிச் சிறுநீரில் போகும். மலத்தில் நைட்ரஜன் குறைந்திருக்கும், ஆனால் அந்த லைசின் உடம்புக்குக் கிடைத்திருக்காது. மிச்சமிருக்கும் நைட்ரஜனிலும் பெரும்பங்கு பாக்டீரியாவின் உடல்தான். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் 2013 அறிக்கை, ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் அளக்கச் சொன்னது இதனால்தான்.

அதற்கு இலியோஸ்டமி (இலியத்தை வயிற்றுத் துளை வழியே வெளியே ஒரு பையில் திறந்துவிடும் அறுவை) செய்து நலமாக இருப்பவர்கள் முன்வர வேண்டும். இல்லையென்றால் மூக்கு வழியே இலியம்வரை குழாய் இறக்க வேண்டும். உணவில் செரிக்காத குறிப்பான் ஒன்றை, உதாரணமாக டைட்டானியம் டை ஆக்சைடை, சீராகக் கலக்க வேண்டும். பையிலோ குழாயிலோ சேர்வதை அவ்வப்போது எடுத்து உடனே உறைய வையுங்கள். வெளியே கிடந்தால் பாக்டீரியா அங்கேயும் வேலையைத் தொடங்கிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு (எல்லாம் உலர் எடையில்): உணவில் கிலோவுக்கு லைசின் 15 கிராம், குறிப்பான் 3 கிராம். இலியத்தில் எடுத்ததில் லைசின் 12, குறிப்பான் 12. குறிப்பான் நான்கு மடங்கு செறிந்திருப்பதால், ஒரு கிலோ உணவுக்கு வெளியே வந்த லைசின் 12 × 3 ÷ 12 = 3 கிராம். தோற்றச் செரிமானம் (உடலின் பங்கைக் கழிக்காத கணக்கு) 80%. அந்த 3 கிராமில் ஒரு பகுதி பயறிலிருந்து வந்ததல்ல. செரிமான நொதிகள், உதிர்ந்த குடல் செல்கள், சளி எல்லாம் அதில் உண்டு. புரதமில்லா உணவு கொடுத்து அளந்த உடலின் பங்கு 0.6 கிராம் என்றால், உண்மைச் செரிமானம் 84%. குடல் சளியில் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மிகுதி என்பதால், இந்தத் திருத்தத்தை விட்டால் அதிகம் அடிபடுவது திரியோனின் கணக்கு.

உங்கள் மாவில் இன்னொரு சிக்கல், வறுத்தது. சூட்டில் சர்க்கரையோடு ஒட்டிய லைசின் உடம்புக்குப் பயன்படாது. ஆனால் ஆய்வகத்தில் 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கும்போது அதில் ஒரு பகுதி மறுபடி லைசினாகப் பிரிந்து கணக்கில் ஏறிவிடும். ஆகவே வினைபடும் லைசினை, அதாவது சர்க்கரையோடு ஒட்டாமல் மிஞ்சியதை, தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

குழாய் வேண்டாமென்றால் இரட்டை ஐசோடோப்பு முறை இருக்கிறது: எடை கூடிய அணுக்களால் அடையாளமிட்ட இரண்டு புரதங்களைக் கொடுத்து, அவற்றின் அமினோ அமிலங்கள் ரத்தத்தில் ஏறுவதை ஒப்பிடுவது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக் குழு 2019-இல் வெளியிட்டது: கனநீர் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) ஊற்றி வளர்த்த பாசிப்பயறு, கூடவே ஒப்பீட்டுக்காகக் கார்பன்-13 ஏறிய ஸ்பைருலினா என்ற பாசி, பிறகு ரத்த மாதிரி. தோலோடு சுமார் 63% இருந்த செரிமானம், தோல் நீக்கியதும் 71% ஆனது. செலவு பிடிக்கும், அந்த அணுக்களைப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வேண்டும்.

அதுவரை உங்கள் 86%-ஐ ‘மலவழி நைட்ரஜன் செரிமானம்’ என்ற பெயரிலேயே எழுதுங்கள்.