சிங்கப்பூரில் கைப்பேசித் திட்டம் எடுக்கும்போது சலுகையைப் பார்ப்பதா, சிக்னலைப் பார்ப்பதா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். செங்காங்கில் வீடு, நகர மையத்தில் ஒரு கடைத்தொகுதியின் இரண்டாம் அடித்தளத்தில் வேலை, இப்போது மாதம் 38 வெள்ளி கட்டுகிறார். அதில் பாதிக்கும் குறைவான கட்டணத்தில் 200 ஜிபி டேட்டாவும் மலேசியாவில் பயன்படுத்த ரோமிங்கும் தரும் திட்டம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. இவ்வளவு சிறிய தீவில் எந்த நிறுவனத்தின் சிக்னலும் எங்கும் கிடைத்துவிடுமே, பிறகு எதற்கு அதிகம் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்.

சிறிய தீவு என்ற அந்த எண்ணத்திலிருந்தே தொடங்குகிறேன். பதினாறு ஆண்டுகளாக நான் கட்டடங்களின் குளிரூட்டி இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அடித்தளங்களும் இயந்திர அறைகளும்தான் என் அலுவலகம் என்பதால், எந்தக் கட்டடத்தின் எந்த மூலையில் யாருடைய தொலைபேசி வேலை செய்யும், யாருடையது செத்துப்போகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். தீவின் பரப்பளவு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர்தான். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா என்று சொந்த வலையமைப்பு வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களின் சேவையும் சாலையோரத்தில் நின்றால் கிடைக்கிறது. ஆனால் நாம் சாலையோரத்தில் வாழ்வதில்லை. வீட்டின் உள்ளறை, மின்தூக்கி, அடித்தளக் கார் நிறுத்துமிடம், கடையின் பின்பக்கக் கிடங்கு, எம்ஆர்டி ரயில் சுரங்கம் ஆகிய இடங்களில்தான் நாளின் பெரும்பகுதி கழிகிறது. நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் முழுத் தீவுக்கும் வண்ணம் தீட்டியிருக்கும் வரைபடம் இந்த இடங்களைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லாது.

சென்ற ஆண்டு நானும் உங்களைப் போலவே கணக்குப் போட்டு, டேட்டாவை அள்ளிக் கொடுத்த ஒரு திட்டத்துக்கு மாறினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மாறிய மூன்றாம் மாதம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் அடித்தளத்தில் குளிர்நீர்க் குழாயின் வால்வு ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தபோது, புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அப்பா சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மூன்று முறை என்னை அழைத்திருக்கிறார். தொலைபேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு முறைகூட மணி அடிக்கவில்லை. மாலை நான்கரை மணிக்கு மின்தூக்கி தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்ததும் அது விடாமல் அதிரத் தொடங்கியது: தவறிய அழைப்புகள் பற்றிய குறுஞ்செய்திகள், அவற்றுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவின் குரல் பதிவு. அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அவர்தான். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று என்பது எங்கள் நல்ல காலம். அதே அடித்தளத்தில் என்னோடு வேலை செய்த தம்பி, வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை வைத்துக்கொண்டு, அன்று மதியம் தன் மகளோடு காணொளியில் பேசியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் கணக்கில் அந்த மாதம் 140 ஜிபிக்கு மேல் செலவாகாமல் கிடந்தது.

அப்பா 995ஐ அழைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அவசர எண்ணுக்கு அழைத்தால், நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் கிடைக்கிற வேறொரு நிறுவனத்தின் சிக்னல் வழியே அந்த அழைப்பு சென்றுவிடும். ஆனால் வயதானவர்கள் முதலில் பிள்ளைகளைத்தான் அழைக்கிறார்கள். அந்த அழைப்புக்கு அத்தகைய ஏற்பாடு கிடையாது.

ஒரே அடித்தளத்தில் ஒருவர் பேச முடிகிறது, இன்னொருவர் பேச முடியவில்லை என்றால், அங்கே ஒரு நிறுவனம் கூரையில் தன் அலைக்கம்பியைப் பொருத்தியிருக்கிறது, இன்னொரு நிறுவனம் பொருத்தவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். மூன்று தளம் கான்கிரீட்டைத் துளைத்து வெளியிலிருந்து அலை இறங்காது; உள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எம்ஆர்டி சுரங்கங்களில் நெடுகிலும் ஓடும் அலைபரப்பும் கம்பிவடத்தின் வேலையும் அதுதான். இதற்குச் செலவும் நேரமும் பிடிக்கும் என்பதால், ஒரு கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. புதிய கோபுரக் கட்டடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுக் கொடுத்த கண்ணாடி, வெப்பத்தோடு சிக்னலையும் தடுத்துவிடுகிறது. இருபதாம் மாடியில் சன்னலோரம் அமர்ந்திருந்தும் அழைப்பு துண்டிக்கப்படுவதற்கு அது ஒரு காரணம்.

அலைவரிசையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் சுவரை ஓரளவு ஊடுருவும்; 2.3, 2.5, 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். இங்கே 5ஜிக்காக 2020இல் முதலில் ஒதுக்கப்பட்டது 3.5 கிகாஹெர்ட்ஸ். பேருந்து நிறுத்தத்தில் மின்னல் வேகம் காட்டிய 5ஜி, வீட்டுக்குள் நுழைந்ததும் 4ஜிக்கு இறங்குவது இதனால்தான். சுவரைத் தாண்டக்கூடிய 700 மெகாஹெர்ட்ஸ் அலை நெடுங்காலம் தொலைக்காட்சி ஒளிபரப்பின் கையில் இருந்தது. 2019 தொடக்கத்தில் இங்கே பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகும், அண்டை நாடுகளின் ஒளிபரப்பு விலகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே விளம்பரத்தில் வரும் உச்ச வேகத்தைவிட, உங்கள் நிறுவனம் தாழ்ந்த அலையில் எவ்வளவு வைத்திருக்கிறது என்பதுதான் உங்கள் அடித்தளத்துக்கும் படுக்கையறைக்கும் பொருட்படும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஒரு தற்காப்பு அறை இருக்கும். நாம் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைப்போமே, அதுதான். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும்; ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அமைப்புகளில் சிம் நிலை என்ற இடத்தில் இருக்கும். எண் எதிர்க்குறியோடு வரும். பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. என் வீட்டு வரவேற்பறையில் -88 காட்டிய தொலைபேசி, அந்த அறைக்குள் இரண்டு அடி வைத்ததும் -109க்குப் போனது. கதவைச் சாத்தியதும் -121, பிறகு சேவை இல்லை. திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதைத் தொலைபேசி தயாரிப்பவர்களே தீர்மானிக்கிறார்கள்.

கோடு முழுவதும் இருந்தும் எதுவும் நகராத இடமும் உண்டு. ஞாயிறு மாலை தேக்காவில் நின்று பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். சந்தையில் மீன் வாங்கிவிட்டுக் கியூஆர் குறியைப் படம் பிடித்தால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் தம் தொலைபேசியில் பணம் வந்த ஒலிக்காகக் காத்திருப்பார், பின்னால் வரிசை நீளும். அது சிக்னல் குறைவு அல்ல, நெரிசல். மலிவுத் திட்டங்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி இங்கேதான் இருக்கிறது. கோமோ சிங்டெல்லின் துணைச்சேவை, கிகா ஸ்டார்ஹப்பின் துணைச்சேவை, சர்க்கிள்ஸ்.லைஃப் 2016இல் எம்1 கோபுரங்களை நம்பித் தொடங்கியது. இப்படிப் பிறர் வலையமைப்பில் ஓடும் சேவைகளுக்குக் கோபுரம் ஒன்றேயானாலும், நெரிசல் நேரத்தில் யாருக்கு முதலிடம் என்பதை வலையமைப்பின் உரிமையாளர் வேறுபடுத்தி வைக்க முடியும். எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபுரம் ஒன்றுதானே என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எதிர்ப்பக்கத்தில், ஸ்டார்ஹப்பும் எம்1உம் ஆன்டினா என்ற கூட்டு நிறுவனத்தின் வழியே 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியைச் சேர்ந்தே அமைத்திருப்பதால், 5ஜி சரியில்லை என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் பெரிய வேறுபாடு கிடைக்காமல் போகலாம்.

சிக்னல் குறையென்று நாம் நினைப்பது சில நேரம் தொலைபேசியின் குறையாகவும் இருக்கும். 2ஜி 2017இலும் 3ஜி 2024இலும் இங்கே விடைபெற்றுவிட்டதால், குரல் அழைப்பு பெரும்பாலும் 4ஜி வழியே, வோல்டிஇ என்ற முறையில்தான் செல்கிறது. ஊரிலிருந்து வாங்கி வந்த தொலைபேசியை நீங்கள் மாறப்போகும் நிறுவனம் அந்த முறைக்கு ஏற்காவிட்டால், டேட்டா பறக்கும், அழைப்பு மட்டும் போகாது. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி டேட்டா. 200 ஜிபி என்ற எண் பார்க்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் உங்கள் தொலைபேசியின் அமைப்புகளில் கடந்த மூன்று மாதப் பயன்பாட்டைப் பாருங்கள். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி வரை எடுக்கும். வீட்டில் கண்ணாடியிழை இணையம் இருப்பவர் வெளியே தினம் ஒரு மணி நேரம் படம் பார்த்தாலும் 90 ஜிபியைத் தாண்டுவது அரிது. எனக்கு எந்த மாதமும் 20 ஜிபியைத் தாண்டியதில்லை. வீட்டு இணையத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியிலிருந்தே பிள்ளைகளின் மடிக்கணினிக்குக் கொடுப்பவர்களுக்கும், விடுதியில் தங்கி ஓய்வு நேரம் முழுவதையும் தொலைபேசியில் கழிக்கும் தொழிலாளர் நண்பர்களுக்கும் அது உண்மையான பலன். உங்களுக்கு அது எவ்வளவு என்பதை உங்கள் பயன்பாடு சொல்லட்டும்.

சலுகைகளில் நான் மதிப்புக் கொடுப்பது மலேசிய ரோமிங்குக்கு. மாதம் இருமுறை கடற்பாலம் தாண்டி ஜோகூர் பாரு போகிற குடும்பத்துக்கு, ஒவ்வொரு முறையும் தனியாக ரோமிங் வாங்கும் செலவு மிச்சம். இந்திய அழைப்பு நிமிடங்கள் வாட்ஸ்அப் வந்த பிறகு பயனற்றவை என்பார்கள்; கிராமத்தில் பொத்தான் தொலைபேசி வைத்திருக்கும் அத்தையோடு பேசுகிறவருக்கு அவை இன்றும் தேவை. புதுத் தொலைபேசியைக் குறைந்த விலையில் தரும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில்தான் கவனம் வேண்டும். ஒப்பந்தம் மாதம் 50 வெள்ளி, சிம் மட்டும் எடுத்தால் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 840 வெள்ளி. தொலைபேசியில் கிடைத்த தள்ளுபடி 600 வெள்ளி என்றால், 240 வெள்ளி நம் கையிலிருந்து போயிருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, சிக்னல் சரியில்லை என்று தெரிந்தும் அபராதம் கட்டாமல் வெளியேற முடியாமல் இருப்பது.

ஒப்பந்தமில்லாத திட்டங்களால் நமக்குக் கிடைத்த பெரிய வசதி, சோதித்துப் பார்க்க முடிவதுதான். நீங்கள் நினைக்கும் திட்டத்தை உங்கள் எண்ணை மாற்றாமல், புது எண்ணில், அட்டை இல்லாமல் தொலைபேசிக்குள்ளேயே பதியும் இசிம்மாக ஒரு மாதத்துக்கு எடுங்கள். பழைய சிம் அட்டை அப்படியே இருக்கட்டும். வேலைக்குப் போகும் வழி முழுவதும், கடையின் கிடங்கில், பணியாளர் ஓய்வறையில், சரக்கு மின்தூக்கி முன்னால், வீட்டுக் கட்டிலில் படுத்தபடி என்று இரண்டின் அளவையும் பாருங்கள். அளவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் அடித்தளத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்து புது எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. மதிய உணவு நேரத்திலும் ஞாயிறு மாலையும் மறக்காமல் பாருங்கள். வேலையிடத்தில் வைஃபை இருந்தால், வைஃபை வழியே சாதாரண அழைப்பை எடுக்கும் வசதி அந்தத் திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். எல்லாத் திட்டங்களிலும் அது கிடைப்பதில்லை, ஆனால் கிடைத்தால் அடித்தளத்தில் இருப்பவருக்கு எந்த டேட்டாவையும்விடப் பயன் தரும்.

அடித்தளத்தில் புது எண் மணி அடித்தால், தயங்காமல் மாறுங்கள். மாதம் இருபது வெள்ளி மிச்சமாவது நல்ல விஷயம்தான். அடிக்கவில்லையென்றால், ஆண்டுக்கு 240 வெள்ளி கூடுதலாகக் கட்டிப் பழைய நிறுவனத்திலேயே இருங்கள் என்பேன். நடுவழி ஒன்றும் இருக்கிறது, இப்போது நான் செய்வது அதுதான்: அழைப்புக்கு அடித்தளத்தில் வேலை செய்யும் நிறுவனத்தின் மிகச் சிறிய திட்டம், டேட்டாவுக்கும் ஜோகூருக்கும் மலிவான இசிம். இரண்டும் சேர்ந்து 25 வெள்ளிக்குள் முடிகிறது. அப்பாவிடம் இருப்பது முதல் எண் மட்டும்.

மாறுவதென்று முடிவெடுத்தால், பழைய இணைப்பை நீங்களாக முன்கூட்டியே நிறுத்திவிடாதீர்கள். 2008 முதல் இங்கே எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. அதற்குப் பழைய இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். எண் புதிய நிறுவனத்துக்கு மாறியதும் பழையது தானாக நின்றுவிடும்.