பெயருக்குக் கீழே ஒரு பட்டம்

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அண்மையில் எங்கள் சொந்தத்திலேயே ஒரு வரன் வந்தது. பையன் ஐ.டி.ஐ. படித்தவர், கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, என் மகளைப் போல் நான்கு மடங்கு சம்பாதிக்கிறார். ஜாதகமும் பொருந்தியது. ஆனால் என் கணவரும் மைத்துனர்களும் "படிப்பு ஒத்து வரவில்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். கணவன் மனைவியின் படிப்பு சமமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஏன் நினைக்கிறார்கள்? இது வெறும் கௌரவம்தானா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

கௌரவமும் இருக்கிறது. மேலை நாடுகளில் இக்கேள்விக்கு முதலில் சொல்லப்படும் விடை, ஒரே கல்லூரியில் படிப்பவர்கள் அங்கேயே பழகி மணந்துகொள்கிறார்கள் என்பது. திருமணங்களைப் பெரும்பாலும் பெற்றோரே பேசி முடிக்கும் நம் ஊரில் அந்த விடை அவ்வளவாகச் செல்லுபடியாகாது. இங்கே படிப்பு ஒரு சல்லடை. அதுவும் இரண்டாவது சல்லடை. கொல்கத்தாவின் ஆனந்த பஜார் பத்திரிகாவில் மணமக்கள் தேவை விளம்பரம் கொடுத்த குடும்பங்களை ஆராய்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிக்காதவருக்கும் முதுகலைப் பட்டதாரிக்கும் உள்ள தொலைவு எவ்வளவோ, அவ்வளவையும் விட்டுக்கொடுத்தாவது சாதிக்குள்ளேயே மாப்பிள்ளை தேடப் பெண் வீட்டார் ஆயத்தமாக இருந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கடிதத்திலும் "எங்கள் சொந்தத்திலேயே" என்பது முதலில் வந்துவிடுகிறது. அது தீர்ந்த பிறகுதான் படிப்பு பேச்சுக்கு வருகிறது.

சரி, வருமானத்தை விட்டுவிட்டுப் படிப்பை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாம், நிலத்தின் மேல் வழக்கு இருக்கலாம், ஆர்டர் நின்றால் பட்டறையை மூட வேண்டி வரலாம். வாங்கிய பட்டத்தை யாரும் ஜப்தி செய்ய முடியாது. அரைமணி நேரம் காப்பி குடித்துவிட்டு எழுந்து போகும் இரு குடும்பங்களுக்கு, கையில் வாங்கிச் சரிபார்க்கக்கூடிய காகிதம் அது ஒன்றுதான். ஊரார் கண்ணில் படுவதும் அதுதான். சென்ற ஆண்டு ஒரு திருமணப் பத்திரிகையின் மெய்ப்புப் பார்க்க உறவினர் ஒருவருடன் அச்சகத்துக்குப் போயிருந்தேன். மணமகள் பெயருக்குக் கீழே எம்.காம்., பி.எட். என்று இருந்தது, மணமகன் பெயருக்குக் கீழே வெற்றிடம். உடன் வந்திருந்த பெரியவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணோடதையும் எடுத்துடுங்க, சரியாப் போயிடும்" என்றார். எடுத்துவிட்டார்கள். ஏழு ஆண்டுப் படிப்பு, கணினியில் ஒரு விசையைத் தட்டியதும் போயிற்று.

அந்தப் பெரியவர் தேடியது சமம் என்று எனக்குத் தோன்றவில்லை. தொல்காப்பியம் களவியலில் "ஒத்த கிழவனும் கிழத்தியும்" (ஒத்த தலைவனும் தலைவியும்) என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே "மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே" என்கிறது. ஆண் மேம்பட்டவனாக இருந்தால் விலக்கில்லை என்பது பொருள். பெண் மேம்பட்டவளாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு நூற்பாவில் இடமில்லை. (அதே நூலின் மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் அடுக்கும் பத்து ஒப்புமைகளில் கல்வி என்று தனியே ஒன்று கிடையாது, உணர்வு என்பதை அறிவு என்று கொண்டால் உண்டு.) உங்கள் மகன் எம்.எஸ்சி. படித்து, வந்த பெண் பிளஸ் டூவோடு நின்றிருந்தால், உங்கள் மைத்துனர்கள் "ஒத்து வரவில்லை" என்று சொல்லியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், மிக்கோன்கள் குறைந்துவருகிறார்கள். பெண்கள் படிக்க அரசே ஊக்கம் தந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011இல் அரசு, பத்தாம் வகுப்பு படித்த மணப்பெண்ணுக்கு 25,000 ரூபாயும் பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு 50,000 ரூபாயும், தாலிக்கு 4 கிராம் தங்கத்துடன், என்று நிர்ணயித்தது. 2022இல் அதையே மாற்றி, கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாக்கியது. 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. அதிலும் பெண்கள் ஆண்களுக்குச் சற்று முன்னால். ஆக, ஆண் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கோடு தேடினால் வரன் கிடைப்பது அரிது. "மேலே படிக்க வைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது" என்று பெண்ணின் படிப்பையே நிறுத்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

உங்கள் கணவரின் தயக்கத்தை அதற்காக முழுவதும் தள்ளிவிடவும் மாட்டேன். தன்னைவிட அதிகம் படித்த மனைவியை வேலையை விடச் சொல்லும் ஆண்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற ஆண்களிலும் அவர்களுக்குக் குறைவில்லை. ஆகவே பையனின் சான்றிதழைவிட, உங்கள் மகள் பி.எட். படிக்கவோ வேறு ஊரில் வேலைக்குப் போகவோ விரும்பினால் அவர் என்ன சொல்வார் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே பயனுள்ளது. கேட்க வேண்டியவர் உங்கள் மகள். கணவர், மைத்துனர்கள், பையன், ஜாதகம் எல்லோரும் இடம்பெற்ற உங்கள் கடிதத்தில், அவர் இந்த வரனைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.