மனை, மேய்ச்சல், புறம்போக்கு: வாசகர் கேள்வி பதில்

'பிளாட் விற்பனைக்கு' என்று விளம்பரம் பார்த்து, காலி மனை என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வண்டி பிடித்துப் போனேன். அங்கே மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டைத் திறந்து காட்டுகிறார்கள். தப்பு யார் மேல்?
– வாசகர், திருப்பூர்

விளம்பரத்தின் மேல் பாதி, நம் எழுத்தின் மேல் பாதி. உதட்டை ஒட்டிப் பிறக்கும் 'ப'வில் தொடங்கினால் மனை, ஊதிச் சொல்லும் 'ஃப'வில் தொடங்கினால் அடுக்குமாடி வீடு. நாம் ஆய்தத்தை விட்டுவிட்டு இரண்டையும் 'பிளாட்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இவை ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வீட்டைக் குறிக்கும் ஃப்ளாட், ஸ்காட்லாந்துக்காரர்கள் வீட்டுத் தளத்துக்குச் சொன்ன பழைய சொல்லிலிருந்து வந்தது. மனையைக் குறிக்கும் ப்ளாட்டுக்கோ கதை, சதி என்று இன்னும் இரண்டு அர்த்தங்கள் உண்டு. நிலம் வாங்கக் கிளம்பும்போது அந்தச் சதியையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'மனை' என்று இரண்டெழுத்தில் போட்டால் விளம்பரச் செலவு குறையும், உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் பிழைத்திருக்கும்.

ப்ளாட், லாட், பார்சல், ட்ராக்ட், பேட்ச் எல்லாவற்றுக்கும் அகராதியில் 'நிலத்துண்டு' என்றே இருக்கிறது. தேர்வில் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

எழுதலாம், மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்கள். ஆனால் பேசும்போது மாட்டிக்கொள்வீர்கள். ப்ளாட் என்பது ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய சின்ன நிலம். வீடு கட்ட, காய்கறி போட, ஆளைப் புதைக்கக்கூட. லாட் என்பது அமெரிக்கப் பேச்சு. அதன் வேர் திருவுளச்சீட்டு. அங்கே குடியேறியவர்கள் பல ஊர்களில் நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்தார்கள், சீட்டின் பெயரே நிலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. லாட்டரியும் இதே குடும்பம்தான். அமெரிக்கர் வண்டி நிறுத்தும் இடத்தைப் 'பார்க்கிங் லாட்' என்பார், லண்டன்காரர் 'கார் பார்க்' என்பார்.

பார்சல் என்றதும் பரோட்டாதான் நினைவுக்கு வரும், எனக்கும் அப்படித்தான். லத்தீனில் 'சிறு பங்கு' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நிலப் பதிவேட்டிலும் பத்திரத்திலும் எல்லை குறித்து எண் கொடுத்த துண்டுதான் பார்சல், கிட்டத்தட்ட நம் சர்வே எண், உட்பிரிவு மாதிரி. ட்ராக்ட் இதற்கு நேர் எதிர். கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடக்கும் நிலம். 'இழு' என்று பொருள்படும் லத்தீன் வேர், அதே வேரில்தான் ட்ராக்டரும் முளைத்தது. பேட்ச் என்றால் சட்டையில் போடும் ஒட்டு, அந்த மாதிரி ஒரு சின்ன இடம். கொல்லைப்புறக் கீரைப் பாத்தியைப் போய் ட்ராக்ட் என்றால் சிரிப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். கோவைப் பக்கம் மனைக்கு 'சைட்' என்பார்கள், அதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள். ஆங்கிலேயருக்கு அது கட்டடம் எழும்பும் இடம்.

ஏக்கர், சென்ட், கிரவுண்டு மூன்றும் இங்கிலாந்திலிருந்து வந்தவைதானே?
– வாசகர், குரோம்பேட்டை

முதலாவது மட்டும்தான் அப்படி வந்தது. ஏக்கருக்குப் பழைய ஆங்கிலத்தில் வெறுமனே 'வயல்' என்று பொருள். அளவெல்லாம் பிறகு வந்ததுதான். ஏர் பூட்டிய மாடுகள் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலம் எவ்வளவோ அவ்வளவு ஏக்கர் என்று வைத்துக்கொண்டார்கள், இன்றைய கணக்கில் 43,560 சதுர அடி. ஏன் இப்படி முழுமையில்லாத எண் என்றால், அந்த நிலத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்: 660 அடி நீளம், 66 அடி அகலம், நாடா மாதிரி. கனத்த கலப்பையில் பூட்டிய பல மாடுகளை வரப்போரம் திருப்புவது பெரும்பாடு, அதனால் திருப்பாமல் முடிந்தவரை நேரே ஓட்டினார்கள். அந்த நீளத்துக்குத்தான் 'உழவுசால் நீளம்' என்ற பொருளில் பர்லாங்கு என்று பெயர். 'ரெண்டு பர்லாங்கு நடந்தா கடைத்தெரு' என்று என் தாத்தா சொல்வார், ஒரு ஆங்கிலேய மாட்டின் நடையைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

66 அடி அகலத்தை 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற கணித அறிஞர் நூறு கண்ணிகள் கொண்ட சங்கிலியாக்கினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அந்தச் சங்கிலி கப்பலேறி நம் ஊர் சர்வேயர் கைக்கும் வந்தது.

ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. சொல் ஆங்கிலம், வழக்கு நம் தென்னிந்தியா. இங்கிலாந்தில் போய் 'எனக்கு ஐந்து சென்ட் இருக்கிறது' என்றால் சில்லறைக்காசு என்று நினைப்பார்கள். கிரவுண்டு இன்னும் மோசம். 2,400 சதுர அடி, ஏறக்குறைய ஐந்தரை சென்ட், சென்னைக்காரர்களுக்கு மட்டும் புரியும் கணக்கு. 'அப்பா அரை கிரவுண்டு வாங்கினார்' என்று லண்டனில் சொல்லிப் பாருங்கள், மீதிப் பாதியில் யார் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று கேட்பார்கள்.

மெடோ, பாஸ்ச்சர் இரண்டும் புல்வெளிதானே?
– ஆசிரியை, நாகர்கோவில்

புல் ஒன்றுதான், யார் வெட்டுகிறார் என்பதில் வித்தியாசம். மெடோ, மனிதர் அறுத்துக் குளிர்காலத்துக்குக் காய்ந்த புல் சேர்ப்பதற்காக வளரவிடும் புல். அறுப்பதைக் குறிக்கும் 'மோ' என்ற வினையின் உறவு அது. பாஸ்ச்சரில் மாடே போய் மேய்ந்துகொள்ளும். தேவாலயத்துப் பாஸ்டரும் இதே வேர், மேய்ப்பர் என்று தமிழில் சரியாகத்தான் சொல்கிறோம். முட்செடியும் புதரும் மண்டிய வறண்ட வெளி ஹீத். அப்படி ஒரு வெளியின் ஓரத்தில் இருந்த குக்கிராமத்தின் பெயர்தான் இன்று ஹீத்ரூ விமான நிலையம்.

புறம்போக்குக்கு ஆங்கிலத்தில் என்ன?
– வாசகர், திருவாரூர்

வெள்ளைக்காரனே தேடிப் பார்த்துக் கைவிட்டு, 'பொரம்போக்' என்று அப்படியே வருவாய்ப் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். காமன் (common) என்பார்கள் சிலர், பொருந்தாது. இங்கிலாந்துக் காமனுக்குப் பெரும்பாலும் ஒரு நிலப்பிரபு சொந்தக்காரராக இருப்பார், ஊராருக்கு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை இருக்கும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் போட்டு அதில் பெரும்பகுதியை வேலி கட்டி அடைத்துவிட்டார்கள். ஏழைகளின் மாடு தெருவில் நின்றது.

புறம்போக்கு வரிக்கணக்குக்குப் புறத்தே நின்ற நிலம். ஏரி, வாய்க்கால், மந்தை, பாதை, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். இதை வேஸ்ட்லேண்ட் என்று மொழிபெயர்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வரி வராத நிலம் வீண் நிலம் என்ற கணக்கு அது, ஏரிக்குள் வீடு கட்டத் துணிந்ததும் அந்தக் கணக்கில்தான். தரிசு என்பதும் வேறு. வேண்டுமென்றே ஒரு பருவம் ஓய்வு கொடுத்துப் போட்ட நிலத்துக்கு ஆங்கிலத்தில் ஃபாலோ (fallow), எதுவுமே விளையாததற்கு பேரன் (barren). நாமோ இரண்டையும் தரிசு என்றுவிடுகிறோம்.

ஐலண்டில் வாயில் வராத 'எஸ்' எதற்கு?
– வாசகர், யாழ்ப்பாணம்

படித்தவர்கள் செய்த பிழை. பழைய ஆங்கிலச் சொல்லில் அந்த எழுத்தே இல்லை. லத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற சொல்லின் உறவென்று நினைத்துச் செருகினார்கள். உங்கள் குடாநாட்டைக் குறிக்கும் பெனின்சுலா உண்மையிலேயே லத்தீன், 'கிட்டத்தட்ட தீவு' என்று பொருள். ஆனையிறவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் 'யார்டில் புல் வெட்டினேன்' என்கிறான். யார்டு என்றால் மூன்று அடிதானே?
– வாசகி, கும்பகோணம்

கவலைப்படாதீர்கள் அம்மா, இடம் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அளக்கும் யார்டு கோலைக் குறித்த சொல். மகன் சொல்லும் யார்டு அடைப்பு நிலத்தைக் குறித்தது, கார்டனுக்குச் சொந்தம். எழுத்து ஒன்றாகிவிட்டது, பிறப்பு வேறு. வீட்டுக்குப் பின்னால் என்றால் நம் கொல்லை. முன்னால் என்றால் வாசல், அதுவும் கோலம் போட முடியாத வாசல்.