மகள் ‘வேதத்துக்கு’ப் போய்விட்டாள்: வீட்டில் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். மகளுக்கு 23 வயது, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பொங்கலுக்கு வந்தபோது காதில் தோடு இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. கேட்டால், ஆறு மாதம் முன்பே ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். பொங்கலையும் தொடவில்லை. அன்றிலிருந்து அவள் அப்பா அவளிடம் பேசுவதில்லை. "வேலையை விடச் சொல், மூன்று மாதத்தில் கல்யாணத்தை முடித்துவிடுவோம்" என்கிறார். என் தம்பி போலீசில் புகார் கொடுக்கலாம் என்கிறான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வேறு போக வேண்டும். அவளுக்குச் சொத்தில் பங்கு போய்விடுமா? என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் தம்பியின் யோசனையை முடித்துவிடுவோம். புகார் நிற்காது. 18 வயது முடிந்த ஒருவர் தமக்குப் பிடித்த மதத்தைத் தழுவுவது அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் உரிமை. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் 2004-லேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. "என் விருப்பத்தில்தான் போனேன்" என்று உங்கள் மகள் ஒரு வரி சொன்னால் போலீஸ் உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்பும். போனைப் பிடுங்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதைவிட மோசம். அது சட்டப்படி குற்றம். சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரளப் பெண் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம். 2018-ல் வந்த தீர்ப்பு, வயது வந்தவரின் மதமும் மண வாழ்க்கையும் அவரவர் முடிவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அவசரக் கல்யாணத்தில் உங்கள் கணவர் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி ஒரு கல்யாணம் செல்ல, மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். ஞானஸ்நானம் எடுத்த பெண்ணை, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் மணமேடையில் உட்கார வைத்தால், அந்தக் கல்யாணம் செல்லுமா என்ற கேள்வியே நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கும். இரண்டு குடும்பமும் சேர்ந்து அவமானப்பட வேண்டியிருக்கும். இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட, அவர் மதிக்கும் ஒரு வக்கீல் சொன்னால் நல்லது.

சொத்து போகாது. மதம் மாறியதால் வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் போட்டாயிற்று. உங்கள் கணவர் தாம் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் தரலாம், அது வேறு. உயில் இல்லையென்றால் மகளுக்கும் பங்கு உண்டு. ஒரு நுணுக்கம்: அவள் மதம் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், அந்த உறவினர் இறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், உங்கள் பக்கத்து இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது. நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. பட்டியல் சாதி என்றால் அவளுடைய சாதிச் சான்றிதழ் இனி பழையபடி செல்லாது. கிறிஸ்தவரான பட்டியல் சாதியினரைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். அரசு வேலைக்கு எழுதும் எண்ணம் இருந்தால் இதை அவள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். என்னிடம் வரும் குடும்பங்களில் சண்டை பெரும்பாலும் கடவுளைப் பற்றியதாக இருப்பதில்லை. சோற்றைப் பற்றி, பொட்டைப் பற்றி, "சொந்தக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது" என்பதைப் பற்றித்தான். அதனால் எந்தச் சாமி பெரிது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது, அவளாலும் முடியாது. அன்றாடத்தை மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலை அவள் தொடாதது உங்களை அவமதிப்பதற்காக இல்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று அந்தச் சபைகளில் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுப்பார்கள். படைக்கும் முன்பே பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் உங்களுக்கு மனசு கேட்காது. சின்னப் பாத்திரம் ஒன்றில் அவளுக்குத் தனியாக வைத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி அரிசியோடு தீர்கிற விஷயம் இது. சாஸ்தா கோயிலுக்கு அவளை இழுத்துப் போக வேண்டாம். அன்று வீட்டில் அப்பத்தா இருந்தால் அவருக்குத் துணையாக அவள் இருக்கட்டும், கேட்பவர்களிடம் "டூட்டி" என்று பொய் சொல்லாமல் "வரவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பொய் சொன்னால் ஒவ்வொரு வருஷமும் புதுப் பொய் வேண்டும்.

அவளுக்கும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இந்தப் பதிலையே காட்டுங்கள். விடியற்காலை சத்தமாக ஜெபம் செய்து வீட்டை எழுப்பக்கூடாது. அப்பத்தாவிடம் போய் நரகம், விக்கிரகம் என்று பேசக்கூடாது. உன் நம்பிக்கையில் அவர்கள் கை வைக்கக்கூடாது என்றால், அவர்கள் பூஜை அறையிலும் நீ கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை வேறு. சம்பளத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, சபைக்குக் கொடுப்பது அவள் இஷ்டம். கடன் வாங்கிக் கொடுக்கிறாளா? வீட்டுக்குப் போன் பண்ணாதே என்று யாராவது சொல்கிறார்களா? காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டாம் என்கிறாளா? சபையே அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள். இவை எதுவும் தெரிய வேண்டுமானால் அவள் உங்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா பேசாமல் இருப்பதில் உள்ள பெரிய நஷ்டமே அதுதான்.

அப்பரின் அக்கா திலகவதியாரை அவருக்கு நினைவுபடுத்துங்கள். தம்பி சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனபோது அந்த அக்கா தன் சிவனை விடவில்லை. சூலை நோயில், அதாவது கொடிய வயிற்றுவலியில், தவித்துத் தம்பி ஆள் அனுப்பியபோதும், சமணப் பள்ளிக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் இரவோடு இரவாகத் தம்பி திருவதிகைக்கு வந்து நின்றபோது கதவைச் சாத்தவில்லை. தம்பி திரும்பி வந்து அப்பரானதைக் காட்டி நான் ஆசை காட்டவில்லை. உங்கள் மகள் திரும்பாமலே போகலாம். தன் வழியில் உறுதியாக நின்றுகொண்டே உறவையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

அப்புறம் அந்தத் தோடு. அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அது அவளுடையது. காது தூர்ந்துவிடும் என்று வேப்பங்குச்சியோடு அவள் பின்னால் போகாதீர்கள்.